மொத்தம் ஒன்றுதான்

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் காது எப்படி இருக்கிறது? புதுக் கருவி பழகிவிட்டதா? போன வாரம் உனக்குக் கேட்க வேண்டுமே என்று நான் ஃபோனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "லிஃப்டுல யாராவது மாட்டிக்கிட்டாங்களா சார்?" என்று கேட்டார். இனிமேல் உனக்கும் எனக்கும் கடிதம்தான் சரி.

வேலை வழக்கம்போல. இந்த மாதம் பதினான்கு மாடிக் கட்டிடம் ஒன்று புதிதாக என் பொறுப்பில் வந்திருக்கிறது. அங்கே லிஃப்ட் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்று யோசிக்கிறது. உன்னிடம் படித்திருக்கும் போல.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலைக்குள் இருந்த கட்டியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டியோடு போன சுரப்பிக்குப் பதிலாக அந்த டெஸ்டோஸ்டீரோன் ஹார்மோன் ஊசி நடக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். நம் தெருக்கோடிக் கிளினிக்கில் நர்ஸ் போட்டுவிடுகிறார். அந்தக் கிளினிக் லிஃப்டும் எங்கள் கம்பெனி பராமரிப்பில்தான் இருக்கிறது. மாதா மாதம் முதல் வாரம் சர்வீஸுக்குப் போவேன். அன்றைக்கே இரண்டு ஊசியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம். மொத்த அளவு ஒன்றுதானே அக்கா? நீ கணக்கு டீச்சர், சொல்லு.

பல் செட் செய்யும் லேபிலிருந்து இப்போதுதான் வந்த என் வீட்டுப் பல்லழகி உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உனக்கு எப்போது பல் விழும், எப்போது ஒரு செட் செய்து தரலாம் என்று காத்திருக்கிறாளாம்.

உன் அன்புத் தம்பி
பொடியன்


ஜனவரி 29

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா நலமாகவே இருக்கிறேன். நாற்பத்தேழு வயதில், தொண்ணூறு கிலோ எடையில், இன்னும் "பொடியன்" என்று கையெழுத்துப் போடுகிற ஆள் நீ ஒருவன்தான். இருந்தாலும் மாற்றிவிடாதே.

காதுக் கருவி என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் விசில் அடிக்கிறது, குறைத்தால் தூங்கிவிடுகிறது. பாதி நாள் மேஜை இழுப்பறையில்தான் குடியிருக்கிறது.

நீ கேட்ட கணக்கு நான் ஆறாம் வகுப்பில் போட்ட கணக்கு. தினம் இரண்டு பென்சில் வீதம் ஐந்து நாள் வாங்கினாலும், ஒரே நாளில் பத்துப் பென்சில் வாங்கினாலும் பெட்டியில் இருப்பது பத்துதான். மொத்தம் ஒன்றுதான். சராசரியும் ஒன்றுதான். ஒரு நடை மிச்சமென்றால் நல்லதுதானே, ஊசி வலியும் ஒரே நாளோடு போகும்.

பல்லழகியிடம் என் பல் முப்பத்திரண்டில் இருபத்தெட்டு இன்னும் பதவியில் இருக்கிறது என்று சொல். அவள் கை வேலைக்கு நான் கொடுத்து வைக்கவில்லை. அவளுக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம், சௌக்கியத்துக்கு மேல் சௌக்கியம்! நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ சொன்னபடியே இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன், பக்கத்துக்கு ஒன்றாக. அக்கா, நீ முதலிலேயே டாக்டருக்குப் படித்திருக்கலாம்! நேற்று பதினான்கு மாடியும் படியில் ஏறினேன். மேலே மோட்டார் அறையில் நின்றபோது இன்னொரு பதினான்கு மாடி இருந்தால் தேவலை என்றிருந்தது. இரவு தூக்கமே வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. எழுந்து சமையலறைக் குழாய், கதவுக் கீல், அவளுடைய வேலை மேஜை விளக்கு எல்லாவற்றையும் சரி செய்தேன். பல்லழகி எழுந்து வந்து, "விளக்கு நல்லாத்தானே எரிஞ்சுது? இப்போ ஏன் எரியலை?" என்றாள்.

ஒரு யோசனை. கம்பெனியை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கினால் என்ன? மேனேஜருக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரியும். நான்கு பேரைச் சேர்த்தால் போதும். விவரமாகப் பிறகு எழுதுகிறேன், கையைவிட மனம் வேகமாகப் போகிறது.

அவள் உன்னை விசாரித்தாள்.

பொடியன்


பிப்ரவரி 20

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்து எனக்கே மூச்சு வாங்கியது. பேனா தாளைக் கிழித்த இடத்தில் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

நீ இப்படிப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்தே இருந்தவன் படியேறுகிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். சொந்தத் தொழில் நல்ல யோசனை. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் இரவு எல்லாப் பாடமும் சுலபமாகத் தோன்றும், மறுநாள் காலை பார்த்தால்தான் தெரியும். அதனால் கொஞ்சம் காலைவரை பொறு. பல்லழகி என்ன சொல்கிறாள்? விளக்கைத் திரும்ப எரிய வைத்தாயா?

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. உடனே எழுத முடியவில்லை. அசதி. சொந்தத் தொழில் எல்லாம் நமக்கு எதற்கு? இருக்கிற வேலையே பெரிது. நேற்று மோட்டார் அறையில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். எழுந்ததும் காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. தூசியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 10

அக்காவுக்கு,

நலம். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதை எழுதியவன் நான் இல்லை.

சொன்னேனே, அந்த மேனேஜர், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "மோட்டார் ரூம்ல தூங்கறதுக்கா சம்பளம்?" என்றான். நான் விடுவேனா? "நீ ஆபீஸ்ல தூங்கறப்போ நாங்க எழுப்பினோமா?" என்று கேட்டேன். அவன் எழுந்தான், நானும் எழுந்தேன், நடுவில் நான்கு பேர் வந்தார்கள். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கட்டும்! இந்த வீட்டிலும் சரி, அங்கேயும் சரி, நான் வாயைத் திறந்தால் தப்பு. முகம் சிவந்திருக்கிறது, தலை வலிக்கிறது என்று அவள் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தாள். போய் ரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். இருபதாம் தேதிக்குத்தான் கிடைத்தது. ரிசல்ட் வரட்டும், யாருக்குக் கோளாறு என்று தெரியும்.

நீ கவலைப்படாதே. நான் மலை மாதிரி இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ மலை மாதிரி இருப்பதாக எழுதியிருக்கிறாய். மலை ஆச்சரியக்குறி போடாது.

முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். எழுதியதைவிட எழுதாமல் விட்டது முதலில் கண்ணில் படும். உன் கடைசி இரண்டு கடிதத்திலும் ஒரு வரி இல்லை. உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, எவ்வளவு அவசரத்தில் எழுதினாலும், "அவள் விசாரித்தாள்" என்று முடிப்பாய். அந்த வரி எங்கே போனது? அவள் என்னை விசாரிக்கவில்லையா, அல்லது நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லையா?

என் காது போனதில் ஒரு லாபம், யார் கத்தினாலும் எனக்கு வலிக்காது. ஆகையால் என்னிடம் எதையும் எழுதலாம்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா சௌக்கியம். நீ?

பதில் இல்லையே. ஒரே ஒரு வரி போதும். தாள் கிடைக்காவிட்டால் லிஃப்டில் ஒட்டும் "பழுது" அட்டையின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் எழுதுவது இதுவே முதல் தடவை. இத்தனை நாளும் என் விசாரிப்பை இவர் எழுதுவதோடு சரி.

உங்கள் கடிதம் இரண்டும் பிரிக்காமலே மேஜையில் கிடந்தன. நான் பிரித்துப் படித்தேன். மன்னியுங்கள். என் சாமான்களை எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். மூன்று வாரமாக லேப் மாடியில் இருக்கும் அறையில் தங்கியிருக்கிறேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி, நான் வீட்டில் ஒரு வயதான அம்மாவின் பல் அச்சைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். இவர் சொந்தத் தொழில் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்" என்றேன். அந்த அச்சைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அவர் கை என்மேல் படவில்லை. ஆனால் அச்சு பட்ட இடம் என் தலையிலிருந்து ஒரு முழம்தான். மறுநாள் அந்த அம்மாவை மறுபடி வரவழைத்து வாயில் அச்செடுத்தேன். "உடைஞ்சது மாவுப் பல்லுதானே, நீ எதுக்கும்மா அழறே?" என்று அவர்கள் கேட்டார்கள்.

அண்ணி, மாதத்தில் நடுவில் ஒரு வாரம்தான் நான் கட்டிக்கொண்ட மனுஷர் வீட்டுக்கு வருகிறார். ஊசி போட்ட வாரம் வருகிறவர் வேறு. தூங்க மாட்டார், தூங்க விடவும் மாட்டார். மாதக் கடைசியில் வருகிறவர் இன்னொருவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஊசியை டாக்டரே மாதம் ஒரு தடவையாக மாற்றிவிட்டார் என்று சொன்னார். ரத்தப் பரிசோதனை மார்ச் இருபதாம் தேதி எடுத்தது, ஹார்மோன் அளவு சரியாக இருக்கிறதாம். அதை என் முன்னால் நீட்டி, "பார்த்தியா, நான் சரி. அப்போ யாரு சரியில்லை?" என்றார்.

லேபுக்கு வேறு ஊரில் கிளை இருக்கிறது. அங்கே வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் போவது முறையில்லை என்று எழுதினேன்.

உங்களை விசாரித்தேன். இது நானே விசாரித்தது.

உங்கள் தம்பி மனைவி


மே 3

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன். இனி ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம்.

ஊசியை மாதம் ஒன்றாக மாற்றியவர் டாக்டர் இல்லை. நீ கேட்டாய், நான் சரி என்றேன். பென்சில் கணக்கு எழுதி அனுப்பினேன். பென்சில் பெட்டிக்குள் அப்படியே கிடக்கும். மருந்து அப்படிக் கிடக்காது, தினம் கரைந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

என் காதுக் கருவியை உதாரணமாக எடுத்துக்கொள். காலையில் முழுச் சத்தத்தில் வைத்தால் தெருவில் போகிற சைக்கிள் மணி மண்டைக்குள் அடிக்கிறது. மாலையில் அணைத்துவிட்டால் பால்காரர் கதவை உடைத்தாலும் தெரியாது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எனக்கு நன்றாகக் காது கேட்கிறது என்று வரும். யாரிடமாவது சொல்லிப் பார், சிரிப்பார்கள். நான் உனக்கு அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

ரத்தம் எடுத்த தேதியையும் பார். மாத முதலில் ஊசி, இருபதாம் தேதி ரத்தம். மேலேயிருந்து கீழே இறங்குகிற லிஃப்ட் நடு மாடியைக் கடக்கிற நேரத்தில் நீ கதவருகே நின்று பார்த்திருக்கிறாய். "லிஃப்ட் எப்போதும் நடு மாடியில்தான் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாயா? உன் வேலையில் அப்படிச் செய்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இது என் ஊகம். நான் டாக்டர் இல்லை என்பதை ஒரு தடவை நிரூபித்தாகிவிட்டது. நீயாக நிறுத்தாதே, நீயாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளவும் செய்யாதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல். அக்கா சொன்னாள் என்றும் சொல்.

இன்னொன்று. மருந்து உன் சத்தத்தைக் கூட்டியிருக்கலாம். அச்சைத் தூக்கியது உன் கை. அவளிடம் போகும்போது இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பேசாதே. அவளிடம் பொய் சொன்னதற்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நடை மிச்சம் பிடிக்கவா அந்தப் பொய்? அது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா? என்னைப் பற்றிக் கேட்டால், வெட்கமாக இருக்கிறேன் என்றுதான் எழுத வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். பல்லழகியும் வந்தாள். என் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டையும் ஒண்ணாப் போடச் சொன்னது யாரு?"

"எங்க அக்கா."

"டாக்டரா?"

"கணக்கு டீச்சர்."

"கணக்கு தப்பில்லை சார். ஆனா உடம்பு மாசக் கடைசியில கூட்டிப் பார்க்காது. அன்னன்னைக்கு ரத்தத்துல என்ன இருக்கோ அதை வெச்சுத்தான் ஓடும்" என்றார்.

எண்ணெயில் கலந்த மருந்தாம். சதைக்குள்ளிருந்து மெல்லக் கசியுமாம். முதல் சில நாள் தேவைக்கு மேலே ஏறி, பிறகு இறங்கி, கடைசியில் சுரப்பி இல்லாதவன் கணக்கிலேயே வந்து நிற்குமாம். எவ்வளவு பெரிய அளவாக, எவ்வளவு நாள் இடைவெளி விட்டுப் போடுகிறோமோ அவ்வளவு பெரிய ஏற்றமும் இறக்கமும். அங்கேயே பரிசோதித்துப் பார்த்ததில் ரத்தமும் கெட்டிப்பட்டிருக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும் என்றார். இனி வாரம் ஒரு ஊசி, பாதி அளவு. மாத மொத்தம் பழையபடியே. நீ ஜெயித்துவிட்டாய். பரிசோதனை இனிமேல் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால், காலையில் எடுக்க வேண்டுமாம். எல்லாம் நிலைக்கு வர சில வாரம் ஆகும் என்றார்.

"அப்போ அன்னைக்கு நடந்தது மருந்துதானா டாக்டர்?" என்று அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். டாக்டர் பதில் சொல்லுமுன் அவள் சொன்னாள்: "மருந்து பொய் சொல்லாதுங்க."

உனக்கு விளங்காததை வெளியே மரத்தடி பெஞ்சில் அவளிடம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அந்தக் கிளினிக்கில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். உள்ளே நுழைந்தால் வரவேற்பில் இருக்கும் பெண், "லிஃப்ட் ரிப்பேரா அண்ணே?" என்பாள். நான் "ஆமாம்மா" என்பேன். டூல்ஸ் பெட்டியோடு போய், ஊசி போட்டுக்கொண்டு, பெட்டியோடு திரும்புவேன். மாதம் இரண்டு தடவை எந்த லிஃப்ட் ரிப்பேராகும்? சந்தேகப்படுவாளே என்றுதான் சர்வீஸ் தேதியோடு ஊசியைச் சேர்த்தேன். ஆண் ஹார்மோனை ஊசியில் வாங்குகிறவன் என்று நான்கு பேருக்குத் தெரிவதைவிட அது தேவலை என்று இருந்தது. இதை அவளிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் டாக்டரே மாற்றிவிட்டார் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா ஊசி போட்டுக்க ஸ்பேனரோடவா போனீங்க?" என்றாள். வாயைக் கையால் மூடினாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்த தடவை கையை வீசிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, லேபுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வரவில்லை.

பொடியன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கருவி விசில் அடிப்பதை நிறுத்தியது கேட்டுச் சந்தோஷம்.

ஜூன் முதல் வாரம் பெட்டி இல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். வாசலிலேயே கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, "லிஃப்ட் ரிப்பேரா அண்ணே?" என்றாள்.

"இல்லைம்மா. ஊசி போட்டுக்க வந்தேன். இனிமே வாராவாரம் வருவேன்."

"சரிண்ணே, நாலாவது நம்பர். அப்படி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான் அக்கா. இரண்டு வருடம் பெட்டி தூக்கினேன், இதற்காக.

மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது. பதினான்கு மாடியை இப்போது லிஃப்டிலேயே ஏறுகிறேன். இரவில் தூங்குகிறேன், பகலில் விழித்திருக்கிறேன்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. மூன்று வாரமாக ஒன்றுமே நடக்கவில்லை.

பொடியன்

அண்ணிக்கு வணக்கம். மேலே எழுதியிருப்பது சரிதான், வீட்டுக்குத் திரும்பி வந்த இந்த மூன்று வாரமும் நானும் பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இவர் பேசிக்கொண்டே இருக்கும்போது நான் பல் செதுக்கினேன், கை நடுங்கவில்லை. அந்த ஊர்க் கிளைக்கு வரவில்லை என்று ஜூன் கடைசியிலேயே சொல்லிவிட்டேன். இவரிடம் ஜூலை கடைசியில்தான் சொன்னேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே. விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை, ஆள் வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். அந்த ஒரு வரியை இனி இவரை நம்பி விடுவதாக இல்லை, நானே எழுதுகிறேன்: உங்களை மிகவும் விசாரித்தேன்.